16½ அடி அலுமினியப் படகு: லண்ட், கிரெஸ்ட்லைனர், பிரின்ஸ்கிராஃப்ட், அலுமாகிராஃப்ட், ட்ராக்கர்

ஒன்ராறியோவில் தூண்டில் போடும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் படகுக்கு வந்து சேர்கிறார்கள். முதல் இரண்டு மூன்று கோடைகள் கரையிலும் பாலத்தடியிலும் நின்று வீசுகிறார்கள். பிறகு ரைஸ் ஏரிக்கரை விடுதியொன்றில் வாடகைப் படகு எடுத்து, கரையிலிருந்து எட்டாத இடத்தில் மீன் எப்படிக் கடிக்கிறது என்பதைக் கண்டுகொள்கிறார்கள். அதற்கடுத்த மாரிகாலம் முழுவதும் படகு விலைகளைப் பார்ப்பதிலேயே கழிகிறது. நானும் அப்படி வந்தவன்தான். இரண்டு மாரிகாலம் விசாரித்து, சனவரியில் எனர்கெயார் மண்டபத்தில் நடக்கும் ரொறன்ரோ படகுக் கண்காட்சியில் மனைவி பிள்ளைகளோடு ஒவ்வொரு படகிலும் ஏறி இறங்கி, நான்கு விற்பனையாளர்களிடம் விலை எழுதி வாங்கி, இறுதியில் லண்ட் நிறுவனத்தின் 1650 ரெபெல் எக்ஸ்எல் என்ற மொடலை வாங்கினேன். அதில் மூன்று பருவங்கள் ஓடிய பிறகே இதை எழுதுகிறேன். 16 முதல் 17 அடி வரையான, V வடிவ அடி கொண்ட, நான்கு பேர் இருந்து மீன்பிடிக்கக்கூடிய படகுகளைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். அதைவிடப் பெரிய படகுகளின் கணக்கு வேறு.

வடமராட்சிக் கரையில் வளர்ந்த எனக்குப் படகென்றால் கண்ணாடியிழைப் படகுதான். மணற்கரையில் நாலு பேர் தோள்கொடுத்து ஏற்றவும், உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் கிடக்கவும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் இந்நாட்டு ஏரிகளின் கரை கருங்கல். தண்ணீருக்கு அரை அடி கீழே ஒளிந்திருக்கும் பாறையில் மோதினால் கண்ணாடியிழை வெடிக்கும், அலுமினியம் நெளியும். நெளிந்த படகில் கரைக்கு வந்துவிடலாம். எடையும் குறைவு. 16½ அடி அலுமினியப் படகு, இயந்திரம், எரிபொருள், ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 2,000 முதல் 2,500 இறாத்தலுக்குள் அடங்கிவிடும். நம் வீடுகளில் பரவலாக நிற்கும் டொயோட்டா சியென்னா 3,500 இறாத்தல் வரை இழுக்கும் என்பதால், படகுக்காகத் தனியாக ஒரு ட்ரக் வாங்க வேண்டிய தேவை எழுவதில்லை. நம் ஏரிகள் நன்னீர் ஆகையால் அலுமினியத்தை அரிக்கும் உப்பின் தொல்லையும் இல்லை.

பெயர்களை ஒப்பிடுமுன் யார் யாருக்குச் சொந்தம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் கண்காட்சியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் படகுகளில் பாதி ஒரே வீட்டுப் பிள்ளைகள். லண்ட் 1948 இல் மினசோட்டா மாநிலத்தின் நியூயோர்க் மில்ஸ் என்ற சிற்றூரில் தொடங்கியது. கிரெஸ்ட்லைனர் அதே மாநிலத்தின் லிற்றில் ஃபோல்ஸ் ஊரில் 1946 இல் தொடங்கியது. இவ்விரண்டையும் லோ என்ற மற்றொரு பெயரையும் 2004 இல் பிரன்ஸ்விக் நிறுவனம் வாங்கியது. பிற்பாடு கிரெஸ்ட்லைனரின் உற்பத்தியும் நியூயோர்க் மில்ஸுக்கே மாற்றப்பட்டது. கியூபெக் மாகாணத்தின் பிரின்ஸ்வில் ஊரில் செய்யப்படும் பிரின்ஸ்கிராஃப்டும் பிரன்ஸ்விக்குடையதே, மேர்க்குரி இயந்திரமும் அவர்களுடையதே. ஆகவே இப்படகுகளின் பின்னால் மேர்க்குரி தொங்குவதைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. அலுமாகிராஃப்ட் வேறு குடும்பம். 1946 இல் மினசோட்டாவில் தொடங்கிய அதை 2018 இல் கனடாவின் பி.ஆர்.பி நிறுவனம் வாங்கியது. 2020 இல் அந்நிறுவனம் தனது எவின்ரூட் இயந்திரங்களை நிறுத்தியபோது அலுமாகிராஃப்டின் மினசோட்டாத் தொழிற்சாலையை மூடி உற்பத்தியை ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோனது. 2024 இல் அதை விற்கப்போவதாகவும் அறிவித்தது. ட்ராக்கர், மீன்பிடிச் சாமான்கள் விற்கும் பாஸ் புரோ கடைகளின் சொந்தப் படகு. 1978 இல் படகு, இயந்திரம், ட்ரெயிலர் மூன்றையும் ஒரே விலைக்குக் கட்டி விற்கும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவர்கள் அவர்கள்தான்.

விற்பனையாளர்களிடம் போனால் முதலில் காதில் விழும் வாதம் தறையாணியா வெல்டிங்கா என்பது. லண்ட், அலுமாகிராஃப்ட், பிரின்ஸ்கிராஃப்ட் ஆகியவை பெரும்பாலும் ரிவெட் எனப்படும் தறையாணி அடித்து இணைத்தவை. கிரெஸ்ட்லைனர் முழுக்க வெல்டிங். ட்ராக்கரின் V வடிவப் படகுகளும் அப்படித்தான். ஒவ்வொருவரும் மற்றவரின் முறையைக் குறைசொல்வார்கள். தறையாணி தளர்ந்து ஒழுகும் என்று ஒருவர் சொல்வார்; வெல்டிங் வெடிக்கும் என்று அடுத்தவர் சொல்வார். இரண்டிலும் உண்மை உண்டு.

இச்சிறு படகுகளின் தகடு பொதுவாக 5052 என்ற கலவை. அது உருட்டி இறுக்கப்பட்டதால் வலுப்பெற்ற தகடு. வெல்டிங் செய்யும்போது தையலை ஒட்டிய பகுதி சூடேறி அந்த இறுக்கத்தை இழந்து மென்மையாகிவிடுகிறது. ஆகையால் வெல்டிங் செய்பவர்கள் தடித்த தகடு போடவேண்டும், அல்லது 5086 போன்ற வேறு கலவைக்குப் போகவேண்டும். தறையாணி முறையில் சூடு இல்லை. அதனால் மெல்லிய தகட்டையும் முழு வலுவோடு வைத்துக்கொள்ளலாம், அலையடிக்கும்போது படகு சற்று வளைந்துகொடுக்கும். அந்த வளைவே வருடக்கணக்கில் சில ஆணிகளைத் தளர்த்தவும் செய்யும். தளர்ந்ததைத் திரும்ப இறுக்கலாம் என்பது பெரிய ஆறுதல். நான் முன்பு வைத்திருந்த பழைய படகில் அந்த வேலையைச் செய்தபோது பழுதுபார்ப்பவருக்கு உதவியாக உள்ளே குந்தியிருந்து, ஆணியின் வால்முனையில் ஒரு கனத்த இரும்புக்கட்டையை அழுத்திப் பிடித்தேன். அவர் வெளியிலிருந்து காற்றுச் சுத்தியலால் தலையில் தட்ட, கையில் ஒரு துடிப்பு ஏறும். நாலைந்து நொடியில் ஆணியின் வால் காளான்போல விரிந்து தகட்டோடு இறுகிவிடும். ஒரு பிற்பகலில் பதினேழு ஆணி. வெடித்த வெல்டிங் தையலைச் சீராக்க அலுமினிய வெல்டிங்கில் தேர்ந்த கை வேண்டும். அப்படியான ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆனால் நன்றாகச் செய்த வெல்டிங் படகு இருபது வருடம் ஒரு துளி தண்ணீர் உள்ளே விடாமல் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். என் கருத்து: இணைக்கும் முறையை வைத்து மட்டும் படகைத் தள்ளிவிடக் கூடாது. தகட்டின் தடிப்பைக் கேளுங்கள். இந்த அளவுப் படகுகளில் அது பெரும்பாலும் 0.090 முதல் 0.125 அங்குலம் வரை இருக்கும். அடித்தகடும் பக்கத்தகடும் ஒரே தடிப்பாக இருப்பதில்லை. விற்பவர் பெரிய எண்ணை மட்டும் சொல்வார், ஆகவே இரண்டையும் தனித்தனியே கேட்கவேண்டும்.

அடிப்பகுதியின் வடிவம்தான் உண்மையில் படகையும் படகையும் பிரிக்கிறது. சிம்கோ ஏரி ஏறத்தாழ 720 சதுர கிலோமீற்றர். மேற்குக் காற்று எழுந்தால் அங்கே எழும் அலை கடல் அலைபோல் நீண்டு உருண்டு வராது, குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக அறையும். அந்த அலையில் படகின் முன்பகுதியான அணியம் கூர்மையாக இறங்கி, பக்கங்கள் வெளிநோக்கி விரிந்திருக்கும் படகு தண்ணீரைக் கிழித்து ஒதுக்கித் தள்ளும். தட்டையான அடி கொண்டது ஒவ்வொரு அலையிலும் முதுகெலும்பில் குத்தும். ஆனால் கூர்மை கூடக்கூட நிற்கும்போது ஆட்டமும் கூடும், ஓட்டுவதற்கு வலுவும் கூடத் தேவைப்படும். ரைஸ் ஏரி ஆழம் குறைந்தது, பாசி நிறைந்தது. அங்கே சிறுவர்களோடு நங்கூரமிட்டு பேர்ச் மீன் பிடிப்பவர்களுக்கு அகலமும் ஆடாமையும்தான் முக்கியம். இலையுதிர் காலத்தின் இறுதியில் குவின்ரே விரிகுடாவில் பெரிய பிக்கரல் மீனுக்குப் போகிறவர்கள் குளிர்ந்த தண்ணீரில், குறைந்த வெளிச்சத்தில், திடீர்க் காற்றில் நிற்பவர்கள். அவர்களுக்கு விளிம்பின் உயரம் உயிர் காக்கும் விடயம். எந்த ஏரிக்கு அதிக நாள் போவீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே கடைக்குப் போகவேண்டும்.

நான் ஒரே நாளில், ஒரே காற்றில், லண்டையும் கிரெஸ்ட்லைனரின் 1650 ஃபிஷ் ஹோக்கையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்க வாய்த்தது. லண்ட் அலையில் இறங்குவது மென்மையாக இருந்தது. ஓட்டுபவரின் முகத்தில் தெறித்த தண்ணீர் குறைவு. நடுத்தர வேகத்தில் சுக்கானை விட்டாலும் நேராகவே போயிற்று. கிரெஸ்ட்லைனர் நிற்கும்போது அசையாத படகு. இரண்டு பேர் ஒரே பக்கத்து விளிம்பில் சாய்ந்து வலைக்கூடையில் மீனை அள்ளியபோதும் அது சரியவில்லை, தட்டிப் பார்த்தால் வெற்றுத் தகர ஓசையும் கேட்கவில்லை. சிம்கோவுக்கு அதிகம் போகிறவன் என்பதால் நான் லண்டின் பக்கம் சாய்ந்தேன். வாரம் தவறாமல் கவார்த்தா ஏரிகளின் சின்னக் குடாக்களில் நங்கூரமிடும் ஒருவர் கிரெஸ்ட்லைனரை வாங்கினால் அவருடைய தெரிவு சரியானது என்றே சொல்வேன்.

பிரின்ஸ்கிராஃப்டைப் பற்றி நம்மவர்கள் குறைவாகவே பேசுகிறார்கள், அது எனக்கு வருத்தம். கனடாவில் செய்யப்படும் படகு, வேலைப்பாடு நேர்த்தி. அணியத்துத் தளத்தின் கீழுள்ள பெட்டிகளின் மூடிகளைத் திறந்து மூடிப் பார்த்தால் கைக்கே தெரியும். பூச்சுப் படிந்த தடிப்பும், உள்விளிம்புகளில் கைகிழிக்கும் முனை விடாமல் மழுக்கியிருப்பதும் லண்டுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. எனக்கு வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் அவர்களுடைய பட்டறை ஒன்று இருந்திருந்தால் ஒருவேளை அதைத்தான் வாங்கியிருப்பேன். அலுமாகிராஃப்டின் கொம்பெற்றிற்றர் 165, அடித்தகட்டை இரட்டையாகப் போட்ட படகு. கற்பாறைத் துறைகளில் ஏற்றி இறக்குபவர்கள் அதை விரும்புவதற்கு அதுவே காரணம். பழைய அலுமாகிராஃப்ட் படகுகள் நம்பத்தகுந்தவை. புதியது வாங்குவோர், சொந்தக்காரர் மாறுகின்ற ஒரு நிறுவனத்தின் உத்தரவாதத்தைப் பத்து வருடத்துக்குப் பிறகு யார் ஏற்பார்கள் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும். ட்ராக்கரின் பெரும் பலம் விலை. விலைச்சீட்டில் எழுதியிருப்பதே விலை, பேரம் இல்லை, ட்ரெயிலரும் அதற்குள் அடக்கம். முதற் படகு வாங்கும் இளைஞருக்கு அது ஒரு நல்ல வழி, அதை இழிவாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மற்றப் படகுகளோடு ஒப்பிடும்போது கட்டிக்கொடுத்த இயந்திரம் எவ்வளவு வலு, இருக்கை எத்தனை, மின்கலம் ஒன்றா இரண்டா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான இடைவெளி தெரியும். ஜோர்ஜியன் விரிகுடாவின் பாறைத்தீவுகளுக்குள் நாள்தோறும் ஓடுபவர்கள் மேற்சொன்ன எவற்றையும் பார்க்காமல், பாரி சவுண்டில் செய்யப்படும் தடித்தகட்டு ஸ்ரான்லி படகைப் பார்ப்பது நல்லது. அது நமது அளவுக்கும் விலைக்கும் மேலே உள்ள படகு.

இயந்திர வலுவில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு படகிலும் ஏற்கக்கூடிய உச்ச வலுவும் எடையும் ஆட்களின் தொகையும் எழுதிய தகடு ஒன்று ஒட்டியிருக்கும். விளம்பரத்தில் போடும் விலையோ, பெரும்பாலும் அந்தத் தகட்டில் சொன்ன உச்சத்தைவிட வெகுவாகக் குறைந்த இயந்திரத்துக்கான விலை. தனி ஆளாக ஓட்டிப் பார்க்கும்போது அது போதுமென்றே தோன்றும். நாலு பேர், ஐஸ் பெட்டி, நங்கூரம், இரண்டு மின்கலம் எல்லாம் ஏறிய பிறகு படகு அணியத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே போகுமே தவிர மேலெழுந்து வழுக்காது, எரிபொருள்தான் கரையும். உச்ச வலுவின் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் எடுங்கள். பணம் போதாவிட்டால் மீன் தேடும் கருவியைச் சிறியதாக வாங்குங்கள், இருக்கையைக் குறையுங்கள். அவற்றைப் பிறகு மாற்றலாம். இயந்திரத்தை மாற்றுவது பெருஞ்செலவு. பத்துக் குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் பூட்டினால் படகுக்கு உரிமம் எடுக்கவேண்டும், அதன் எண்ணை அணியத்தின் இரு பக்கமும் 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் ஒட்டவேண்டும். ஓட்டுபவருக்கு இயக்குநர் அட்டையும், ஏறும் ஒவ்வொருவருக்கும் உடலுக்கு அளவான உயிர்காப்பு அங்கியும் கட்டாயம். எழுதித் தரும் விலைக்கு மேல் 13 சதவீத விற்பனை வரி வரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்புறத்தில் நான் கவனித்துப் பார்க்கச் சொல்வது விளிம்போரத் தண்டவாளம். தூண்டில் தாங்கி, கிண்ணத் தாங்கி, மீன் தேடும் கருவி ஆகியவற்றைத் துளையிடாமல் பூட்டிக் கழற்ற உதவும் இந்த அமைப்பை லண்ட் ஸ்போர்ட் ட்ராக் என்றும், ட்ராக்கர் வேர்சாட்ராக் என்றும், அலுமாகிராஃப்ட் அலுமாட்ராக் என்றும், கிரெஸ்ட்லைனர் ஷுவர்மவுண்ட் என்றும் அழைக்கின்றன. ஒன்றின் தாங்கி மற்றதில் நேரடியாகப் பொருந்துமென்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். தரைக்கு வினைல் போட்டதையே எடுங்கள். கம்பளத் தரையில் முக்கொம்புத் தூண்டில் முள் ஏறிவிட்டால் குறடு இல்லாமல் வராது. மீன் சளியும் புழுமண்ணும் ஊறிய வாடை செப்ரெம்பரிலும் போகாது. வினைலை ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம்.

எனக்கு நேர்ந்த கசப்பான அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனெனில் அதுதான் என்னை இவ்வளவு கவனமாகத் தேடவைத்தது. முதலில் நான் வாங்கியது ஒரு விற்பனையாளரிடம் நின்ற பழைய படகு. புதுப் பூச்சு, புது இருக்கை, மினுக்கம். வாங்கிய இரண்டாம் மாதம் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும்போது படகின் பின்பகுதியான கடையார்ப் பக்கம் ஏதோ முனகுவதாக மகன் சொன்னான். கரைக்கு வந்து ஒரு திருகாணியைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து பலகைக்குப் பதிலாக ஈரத் தேயிலைச் சக்கைபோலக் கறுத்த தூள் கொட்டியது. இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையின் உள்மரம் முழுக்க உளுத்திருந்தது. விற்றவர் அதை முன்பே அறிந்திருந்தாரா என்பதை நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் அறிந்திருக்கவேண்டிய இடத்தில் இருந்தார், நான் கேட்டபோது பார்த்த நிலையில்தானே வாங்கினீர்கள் என்று சொல்லிவிட்டார். மரம் மாற்றி ஆணி இறுக்கிய செலவில் ஒரு நல்ல இயந்திரத்தின் பாதி வந்துவிட்டது. அதைவிட, ஜூன் ஜூலை இரண்டு மாதமும் படகு பட்டறையில் நின்றது. மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரைதான் நமக்குப் பருவம். அதில் இரண்டு மாதம் போனால் பிள்ளைகளின் ஒரு விடுமுறையே போய்விடும்.

ஆகையால் பழைய படகு வாங்குவோர் எந்தப் பெயரானாலும் இரண்டு சோதனைகளைச் செய்யாமல் பணம் கொடுக்கவேண்டாம். இயந்திரத்தைப் பாதி சாய்த்து, அதன் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். இயந்திரத்தோடு பின்பலகையும் வளைந்தால் மரம் போய்விட்டது என்று பொருள். அடுத்து, ட்ரெயிலரில் நிற்கும்போதே வடிகாலை அடைத்து, படகின் உட்தரைக்கு நாலைந்து அங்குலம் கீழே நிற்கும்வரை தோட்டக்குழாயால் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் ட்ரெயிலர் எடை தாங்காது. பிறகு ஒரு வெள்ளைச் சோக்குக் கட்டியோடு கீழே குனிந்து போங்கள். தளர்ந்த ஆணியின் தலையில் முதலில் ஒரு ஈரவட்டம் தோன்றும், பிறகு முத்துப்போல ஒரு துளி திரண்டு தொங்கும். அதைச் சோக்கால் வட்டமிடுங்கள். மூன்று நாலு வட்டமென்றால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஒரு தையல் நெடுக வட்டமென்றால் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். தரையை யாராவது பதப்படுத்திய பச்சைநிறப் பலகையால் மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்தப் பலகையில் உள்ள செம்பு, ஈரத்தில் அலுமினியத்தை அரித்துத் துளையாக்கிவிடும். தளத்தின் கீழே அடைத்த மிதவை நுரை தண்ணீரை உறிஞ்சியிருந்தால், படகு இருக்கவேண்டிய எடையைவிடப் பல நூறு இறாத்தல் கூடியிருக்கும். நெடுஞ்சாலையோர எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் அது உடனே வெளிப்படும்.

புதிய படகுக்கு விற்பனையாளரே முக்கால் பங்கு. நான் லண்டைத் தெரிவுசெய்ததற்கு அடிப்பகுதி ஒரு காரணமென்றால், விற்றவருடைய பட்டறை வீட்டிலிருந்து முப்பத்தைந்து நிமிடத்தில் இருப்பது மற்றக் காரணம். வாங்குமுன் ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் விற்பனைக் கூடத்துக்குள் நுழையாமல் பட்டறையின் பின்பக்கத்தில் நின்று பார்த்தேன். பழுதுக்கு வந்த படகுகள் எத்தனை நாளாக நிற்கின்றன என்று அங்கு வேலை செய்த பையனிடம் கேட்டேன். தயங்காமல், இயந்திர வேலைக்கு ஒன்பது நாள், ஆணி வேலைக்கு இரண்டு வாரம் என்று சொன்னான். அதே கேள்வியை வேறொரு கடையில் கேட்டபோது மேலாளரிடம் கேளுங்கள் என்றார்கள். மேலாளர் விலைக்கழிவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒக்ரோபர் இறுதியில் இயந்திரத்தை மாரிக்கு ஆயத்தம் செய்ய என்ன கட்டணம், வசந்தத்தில் முதற் பத்து நாளுக்குள் திருப்பித் தருவார்களா, பிறரிடம் வாங்கிய படகை எடுப்பார்களா என்ற மூன்றையும் அதே இடத்தில் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மீன்பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் பெரிய மின்சார ட்ரோலிங் மோட்டர் ஒன்றை அணியத்தில் பூட்டுவதில் மட்டும் நான் முன்யோசனை இல்லாமல் இருந்துவிட்டேன். அதற்கான கம்பியைத் தொழிற்சாலையிலேயே போடச் சொல்லியிருந்தால் தளத்தைக் கழற்றாமல் முடிந்திருக்கும். பிறகு நானே இழுத்ததில் ஒரு முழு வார இறுதி போனது. கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளிலேயே அந்தக் கம்பியையும், இரண்டாவது மின்கலத்துக்கான இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.